அழுதால் அக்காவிடம்

என் மச்சினிக்குச் சினிமாவில் வேலை. இதைச் சொன்னதும் என் கடைக்கு மூக்குக்கண்ணாடி மாற்ற வந்தவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். என்ன வேஷம் என்று கேட்பார்கள். கைக்குழந்தை என்பேன். மச்சினிக்கு நாற்பது தாண்டியாயிற்று, ஆளும் நல்ல வாட்டசாட்டம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டு அவர்கள் முகத்தைப் பார்ப்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

விஷயம் இதுதான். படப்பிடிப்பில் குழந்தை அழ வேண்டிய நேரத்தில் தூங்கும், தூங்க வேண்டிய நேரத்தில் வீரிடும். அதனால் திரையில் குழந்தை வாயைத் திறக்க, டப்பிங் அறையில் யாரோ ஒரு பெரிய மனுஷி அழுவாள். அந்தப் பெரிய மனுஷிதான் என் மச்சினி. மைக்குக்கு முன்னால் நின்று உள்ளங்கையைக் குழித்து வாயருகே வைத்துக்கொண்டு, தொண்டையை இறுக்கி ஆரம்பித்தாளானால் கேட்பவருக்குப் பால் புட்டியைத் தேடத் தோன்றும். பிறந்த குழந்தையின் அழுகையில் ராகம் கிடையாதாம், அறுந்து அறுந்து வருமாம். ஆறு மாதக் குழந்தை புகார் சொல்லும். ஒரு வயதுக் குழந்தையோ யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டுதான் தொடங்கும். இதையெல்லாம் எங்கள் சாப்பாட்டு மேஜையில் அழுதே காட்டுவாள். ஒருமுறை மேல் வீட்டு அம்மாள், குழந்தைக்கு என்ன ஆயிற்று என்று பதறிக்கொண்டு இறங்கி வந்துவிட்டார். அப்போது எங்கள் வீட்டில் குழந்தையே கிடையாது.

டப்பிங் அறையில் அவளைப் பாப்பாக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். குழந்தை இல்லாத படங்களில் சந்தைக் கூட்டம், ஆஸ்பத்திரி வராந்தா, கதாநாயகிக்குப் பின்னால் கிசுகிசுக்கும் தோழிகள் எல்லாம் அவள்தான். எந்தப் படத்திலும் பெயர் வராது. பெயர் வராததால் எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் வந்தது. அவள் குரல் கொடுத்த படம் எதுவானாலும் குடும்பத்தோடு போய்விடுவோம். அவள் குரலை முதலில் கண்டுபிடிப்பவர் கையைத் தூக்க வேண்டும். எப்போதும் ஜெயிப்பது என் மனைவிதான். நூறு பேர் கத்துகிற இடத்தில்கூடத் தங்கை குரல் அவளுக்குத் தனியாகக் கேட்கும். நானும் கையைத் தூக்குவேன், பெரும்பாலும் தப்பான ஆளுக்கு.

மச்சினி கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தனி வீட்டில் இருக்கிறாள். அந்தப் பேச்சை எடுத்தால், நாள் முழுக்க அழுதுவிட்டு வருகிறேன், வீட்டுக்கு வந்தும் அழ வேண்டுமா என்பாள். குழந்தை ஆசையும் தனக்குக் கிடையாது என்று பட்டவர்த்தனமாகச் சொல்வாள். எங்களுக்கு அந்த ஆசை நிறையவே இருந்தது. மனைவி மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். கர்ப்பிணிகளுக்குச் சத்து மாத்திரைகளை எண்ணிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துக்கொள்வாள். அவளுக்குக் கரு தங்கித் தங்கிக் கலைந்துபோயிற்று. கடைசியில் டாக்டரம்மா, இனி உங்கள் உடம்பு தாங்காது, கரு உங்களுடையதாகவே இருக்கலாம், வேறு யாராவது சுமந்தால்தான் உண்டு என்று சொல்லிவிட்டார்.

அன்று மாலை மேஜையில் நானும் மனைவியும் தட்டைத் தொடவில்லை. மச்சினி மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்:

"நான் சுமக்கறேன்க்கா. சும்மாதானே கெடக்கு."

மனைவி எழுந்து சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள். எனக்கு ஆத்திரம் வந்தது. அண்டா குண்டா இரவல் கொடுக்கிற மாதிரி இதென்ன பேச்சு என்று கத்தினேன். மச்சினி இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டு, அண்டாவாவது நசுங்கும் மாமா, எனக்கு ஒன்றும் ஆகாது என்றாள். குழாய்ச் சத்தம் நிற்கவே இல்லை.

டாக்டரம்மா லேசில் ஒப்புக்கொள்ளவில்லை. பிள்ளை பெற்று அறியாத ஒருத்தி வேண்டாம் என்றார். மச்சினி எங்களுக்குச் சொல்லாமல் தனியாகப் போய்ப் போய்ப் பேசினாள். என்ன பேசினாள் என்று இன்றைக்கு வரைக்கும் தெரியாது. டாக்டரம்மா எங்களைக் கூப்பிட்டு, உங்கள் தங்கை வாயோடு என்னால் மல்லுக்கட்ட முடியாது என்று மட்டும் சொன்னார்.

வயிறு தெரிகிற வரைக்கும், தெரிந்த பிறகும் அவள் டப்பிங்குக்குப் போனாள். நாற்காலி போட்டு, மைக்கை இறக்கிக் கொடுத்தார்கள். குழந்தை அழுகையை மட்டும் வேறொருத்திக்கு விட்டுக்கொடுத்தாள். மூச்சு போதவில்லை என்று அங்கே காரணம் சொன்னாள். எங்களிடம், வெளியே நான் அழுதால் உள்ளே இருப்பது பயப்படுகிறது, உதைக்கிறது என்றாள். சொல்லிவிட்டு அக்காவின் கையைப் பிடித்து இழுத்து வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். அந்த மாதங்களில் என் மனைவியின் கை பாதி நேரம் தங்கையின் வயிற்றில்தான் இருந்தது.

பிரசவத்துக்கு மனைவி உள்ளே போனாள், நான் வெளியே நின்று செருப்பைத் தேய்த்தேன். குழந்தையை முதலில் அக்கா கையில்தான் கொடுக்க வேண்டும் என்று மச்சினி முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாள். அப்படியே கொடுத்தார்கள். என்னை உள்ளே கூப்பிட்டபோது மனைவி அழுதுகொண்டிருந்தாள், குழந்தையும் அழுதுகொண்டிருந்தது. அழுவதைத் தொழிலாகக் கொண்டவள் மட்டும் பேசாமல் படுத்திருந்தாள். நர்ஸ் குழந்தையை அவளிடம் நீட்டினார். அவள் கைநீட்டி வாங்கவில்லை. ஒரு விரலால் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மாமா மூக்கு, பாவம் என்றாள்.

பெண் குழந்தை. நடக்கத் தொடங்கியதிலிருந்து அவளுக்கு வாலு என்று பெயர். பள்ளிப் பெயர் ஒன்று இருக்கிறது, டீச்சர் கூப்பிட்டால்கூட அவள் திரும்புவதில்லை. சித்தி வயிற்றில் இருந்தாய், அம்மாவிடம் வந்து சேர்ந்தாய் என்று நாங்கள் மறைக்காமல் சொல்லியே வளர்த்தோம். அவளுக்கு அது ஒரு விஷயமே இல்லை. சித்தி வீட்டில் முன்பு குடியிருந்ததைப் போல எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிவாள்.

சித்தியும் வாலுவும் சேர்ந்துவிட்டால் வீடு தாங்காது. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, கட்டிலுக்கடியில் புகுந்து ஒளிவது எல்லாம் நடக்கும். ஆனால் ஒரு விஷயம். குழந்தையின் உதடு பிதுங்கினால் போதும், மச்சினி அவளை அப்படியே தூக்கி அக்காவின் மடியில் போட்டுவிடுவாள். அழுதால் அக்காவிடம். இது கைக்குழந்தையாக இருந்த நாளிலிருந்து எழுதாத சட்டம். மனைவி குளித்துக்கொண்டிருந்தால் குளியலறைக் கதவைத் தட்டுவாள். மனைவி வெளியே போயிருந்தால் என்னிடம் தள்ளுவாள். கேட்டால், அழுகை என் ஆபீஸ் வேலை, வீட்டில் பார்க்க முடியாது என்பாள். நாங்கள் சிரிப்போம். நல்ல ஜோக்தான், பல வருஷம் ஓடியது.

வாலு பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. மச்சினி வந்திருந்தாள். வாலு ஓடிப்போய் அலமாரிக் கதவைச் சாத்தியதில் விரல் நடுவில் மாட்டிக்கொண்டது. நான் எழுந்து ஓடினேன். ஆனால் அவள் அழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் தளும்ப, விரலைப் பாவாடையில் சுருட்டி மறைத்துக்கொண்டு சிரிக்கப் பார்த்தாள். வலிக்கவில்லையா என்று கேட்டேன். அவள் என் காதருகே வந்து ரகசியமாகச் சொன்னாள்:

"அழுதா சித்தி என்னை வச்சுக்க மாட்டாங்கப்பா."

ஐந்து வயதுக் குழந்தை அழுகையை விழுங்குவதைப் பார்க்கக் கூடாது. மச்சினி போன பிறகு நான் மனைவியிடம் குதித்தேன். உன் தங்கைக்கு என்ன கல் நெஞ்சா, பெற்றவள்தானே, அழுகிற பிள்ளையை ஒருமுறை தோளில் போட்டால் குறைந்தா போய்விடுவாள் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். மனைவி குழந்தையின் விரலுக்கு மருந்து போட்டு முடித்துவிட்டுச் சொன்னாள்:

"அவளைத் திட்டாதீங்க. எனக்காகத்தான் அவ எடுக்கல. புள்ள என் கையில அழுது, அவ கையில அழுகை நின்னுடுச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்னு பயந்து செத்தேன். ஒரு வார்த்தை வெளிய சொல்லல. அவளே புரிஞ்சுக்கிட்டா. தெரிஞ்சேதான் நானும் வாங்கிக்கிட்டேன்."

எனக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. இனிமேலாவது தங்கையிடம் எடுத்துக்கொள்ளச் சொல் என்றேன். சொல்லத்தான் வேண்டும் என்றாள். அடுத்த ஞாயிறும் மச்சினி வந்தாள், அதற்கடுத்த ஞாயிறும் வந்தாள். மனைவி வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எனக்கென்ன, அப்பன் கையில் பிள்ளை அழுதால் யாரும் கணக்கு வைப்பதில்லை.

அந்தச் சமயத்தில்தான் அந்தப் படம் வந்தது. உடற்பயிற்சிக் கூடம் நடத்தும் ஒரு முரட்டுப் பெண். குழந்தை என்றாலே காத தூரம் ஓடுகிறவள். ஆஸ்பத்திரிக் குளறுபடியில் பக்கத்து வீட்டுத் தம்பதியின் கரு அவள் வயிற்றுக்கு வந்துவிடுகிறது. வாடகைத்தாய் காமெடி என்று சுவருக்குச் சுவர் ஒட்டியிருந்தார்கள். மச்சினிதான் அதில் குழந்தை. எங்கள் வீட்டுக் கதையில் சிரிப்பதற்கு ஏகப்பட்டது உண்டு, அதில் ஒரு பங்காவது திரையில் இருக்கும் என்று நான் நம்பினேன். மச்சினி வேண்டாம் என்றாள். மட்டமான படம் மாமா, காசுக்குப் பிடித்த கேடு, வேறு ஏதாவது போங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். எல்லாப் படத்துக்கும் அவள் சொல்வது அதுதானே என்று நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பகல் காட்சிக்கு டிக்கெட் வாங்கினேன். சித்தி பக்கத்தில் உட்கார்ந்தால்தான் வருவேன் என்று வாலு அடம்பிடித்ததால் மச்சினியும் வர வேண்டியதாயிற்று.

மட்டம் என்று அவள் சொன்னது மரியாதை. அந்தப் பெண்ணின் வயிறு எங்கே போனாலும் எதிலாவது இடித்தது. இடிக்கும்போதெல்லாம் மணி அடித்தது. ஒரு வாந்திக் காட்சி வந்தது. அது முடிந்ததும், அது பிடிக்கவில்லையா, இதைப் பாருங்கள் என்பதைப் போல இன்னொரு வாந்தி. கதாநாயகி நல்ல நடிகைதான், பாவம், கண்ணில் ஏதோ சொல்லப் பார்த்தாள். சொல்வதற்குள் யாராவது வழுக்கி விழுந்தார்கள். பிள்ளைக்காக ஏங்கிய அந்தப் பக்கத்து வீட்டுக்காரியை வெறும் அழுமூஞ்சியாகக் காட்டினார்கள். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அவளுக்குச் சொந்தமாகக் கொடுக்கவில்லை. என் மனைவி குழாயைத் திறந்துவிட்டு நின்ற அந்த மாலை என் நினைவுக்கு வந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அரங்கத்தில் பாதி நாற்காலிகள் காலி. முன் வரிசையில் ஒரே ஒரு மனிதர் மட்டும் தான் கொடுத்த காசுக்குச் சிரித்தே தீருவது என்று சிரித்துக்கொண்டிருந்தார். வாலு இடைவேளைக்கு முன்பே அம்மா மடியில் தூங்கிவிட்டாள்.

கடைசியில் பிரசவம். குழந்தையைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்தார்கள். அழுகை அறுந்து அறுந்து வந்தது. மச்சினியின் குரல், எனக்கே தெரிந்தது. என் மனைவி கையைத் தூக்கவில்லை. குழந்தையை முரட்டுப் பெண்ணிடம் மாற்றினார்கள். அழுகை டக்கென்று நின்றது. திரும்ப அம்மாவிடம், வீல் என்றது. திரும்ப முரட்டுப் பெண்ணிடம், கப்சிப். அப்பனிடம் கொடுத்தார்கள், நர்ஸிடம் கொடுத்தார்கள், வாட்ச்மேனிடம்கூடக் கொடுத்தார்கள். அங்கெல்லாம் அழுத குழந்தை அந்த ஒருத்தி கைக்கு வந்ததும் வாயை மூடியது. இதுதான் படத்தின் பெரிய ஜோக். முன் வரிசைக்காரர் தொடையில் தட்டிச் சிரித்தார்.

மச்சினி வேண்டாம் என்று ஏன் சொன்னாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. தன் அக்கா எதற்கு இத்தனை வருஷம் பயந்தாளோ, அதை அவளே மைக்குக்கு முன்னால் நின்று அழுதும் நிறுத்தியும் கொடுத்திருக்கிறாள். வேலை, செய்தாக வேண்டும். இப்போது குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் மனைவி விறைத்துப்போய்த் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது, டிக்கெட் வாங்கியது நான்தானே.

அந்தக் கூச்சலில் வாலு விழித்துக்கொண்டாள். இருட்டு, எங்கேயிருக்கிறோம் என்று தெரியவில்லை, காதுக்குள் ஒரு குழந்தை வீரிடுகிறது. தூக்கக் கலக்கத்தில் அவளும் பெருங்குரலெடுத்து அழத் தொடங்கினாள். சித்தி இருக்கிறாளே என்று விழுங்குவதற்கு அவளுக்கு நேரமில்லை. திரையில் குழந்தை முரட்டுப் பெண்ணின் கைக்குப் போய் அமைதியாகிவிட்டதால் அரங்கம் முழுக்க எங்கள் பிள்ளையின் அழுகை மட்டும் கேட்டது. முன் வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

மச்சினி பழக்கத்தில் நாற்காலியின் மறுபக்கம் ஒதுங்கினாள். மனைவி எழுந்து நின்றாள். அழுகிற குழந்தையை இரண்டு கையாலும் தூக்கித் தங்கையின் மடியில் வைத்தாள்.

"வெளிய தூக்கிட்டுப் போ."

"நானாக்கா?"

"நீதான்."

அவள் தூக்கிக்கொண்டு போனாள். நாங்களும் பின்னால் போய் வெளிக்கூடத்தின் கதவோரம் நின்றோம். வாலு கால்களை உதைத்துக்கொண்டு அம்மா அம்மா என்று கத்தினாள். மச்சினி முதுகில் தட்டினாள், அது கதவைத் தட்டுகிற தட்டாக இருந்தது. ஆட்டினாள், அளவுக்கு மீறி வேகமாக ஆட்டினாள். விதவிதமான குரலில் பேசிப் பார்த்தாள். எந்த வயது அழுகையையும் வரவழைக்கத் தெரிந்தவளுக்கு ஓர் அழுகையை அடக்கத் தெரியவில்லை. டிக்கெட் கிழிப்பவர் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டார். மனைவி என் சட்டைக் கையை இறுகப் பிடித்திருந்தாள். ஓடிப்போய் வாங்கிக்கொள்ள அவள் உடம்பு துடித்தது எனக்குத் தெரிந்தது. அவள் போகவில்லை.

மச்சினி எங்கள் பக்கம் திரும்பினாள். முகம் வியர்த்து, முடி கலைந்து, பார்க்கப் பாவமாக இருந்தாள்.

"நிக்கலையேக்கா."

என் மனைவி சிரித்தாள். சத்தமாக, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அந்தப் படம் பார்த்து யாரும் சிரிக்காத சிரிப்பு. இத்தனை வருஷமாக நெஞ்சில் கிடந்த ஒரு பாறாங்கல் உருண்டு போனதை நான் அவள் முகத்தில் பார்த்தேன்.

"நிக்காதுடி. என்கிட்ட மட்டும் ஒடனே நின்னுச்சா என்ன? அது பாட்டுக்கு அழுதுதான் ஓயும். நீ பாட்டுக்கு நட."

மச்சினி நடந்தாள். சுவரில் ஒட்டிய போஸ்டர்களைத் தாண்டிக் கழிவறைக் கதவு வரைக்கும் போய்த் திரும்பினாள். அவளும் அழுதுகொண்டிருந்தாள் என்பது திரும்பி வரும்போதுதான் தெரிந்தது. டப்பிங் அறையில் கேட்கும் எந்த அழுகையைப் போலவும் அது இல்லை, சத்தமே இல்லை. வாலு ஒரு விசும்பலுக்கும் அடுத்த விசும்பலுக்கும் நடுவில் தலையைத் தூக்கினாள். தன்னைத் தூக்கியிருப்பது யார் என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. உடனே உதட்டைக் கடித்தாள். பிறகு சித்தியின் முகத்தைச் சந்தேகத்தோடு உற்றுப் பார்த்தாள்.

"சித்தி, எனக்கு இன்னும் அழுகை வருது."

"அழு. நான் வச்சிருக்கேன்."

வாலு கொஞ்சம் யோசித்தாள். மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு முன்னைவிடப் பலமாக ஆரம்பித்தாள். மச்சினி அவளை இன்னொரு தோளுக்கு மாற்றிப் போட்டுக்கொண்டு நடந்தாள்.